பையில் இருக்கும் இரண்டரை அங்குலம்

சொட்டுநீர்க் குழாய் அமைக்கும் வேலைகளை மேற்பார்வையிடுவது என் தொழில். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டத்துத் தோட்டங்களில்தான் என் பகல் பொழுதுகள் பெரும்பாலும் கழிகின்றன. கால்சட்டையின் வலப்பையில், கைக்குட்டைக்கு அடியில், ஒரு மடக்குக்கத்தி எப்போதும் இருக்கும். அதைப் பார்க்கும் நகரத்து நண்பர்கள் "இது எதற்கய்யா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்கிறார்கள், தோட்டத்தில் இருப்பவர்களோ "அந்தக் கத்தியைக் கொஞ்சம் கொடுங்க சார்" என்று உரிமையோடு கை நீட்டுகிறார்கள். அன்றாடப் புழக்கத்துக்கு எந்த மாதிரியான கத்தி ஏற்றது, அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று இரு தரப்பாருக்கும் சேர்த்து எழுதி வைக்கத் தோன்றியது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும், நம் ஊர் மனிதர்களின் பார்வைக்கும், இரண்டரை அங்குல அலகு கொண்ட, திறந்த அலகை மடங்காமல் பிடித்து வைக்கும் பூட்டு இல்லாத, மெல்லிய கத்தியே போதுமானது. அதற்கு மேல் வாங்குவதெல்லாம் ஆசைக்காக வாங்குவதுதான். ஆசைப்படுவதில் தவறில்லை, ஆனால் தேவை என்று அதற்குப் பெயர் வைக்க வேண்டாம்.

கத்திக்கு ஒரு நாளில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். காலையில் உரமூட்டையின் வாயைப் பிரிக்க வேண்டியிருக்கும். மூட்டை வாயில் போட்டிருப்பது சங்கிலித் தையல். அதன் ஒரு முனையில் முதல் கண்ணிகளை மட்டும் அறுத்துவிட்டு நூலைப் பிடித்து இழுத்தால் தையல் முழுவதும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும், சாக்கும் கிழியாமல் அடுத்த வேலைக்கு ஆகும். அதே நூலை எதிர் முனையில் அறுத்தால் எவ்வளவு இழுத்தாலும் இறுகுமே தவிர பிரியாது. இதற்குத் தேவை நீளமான அலகு அன்று. ஒரு கண்ணிக்குள் நுழையக்கூடிய மெல்லிய நுனிதான். அடுத்து 16 மி.மீ. லேட்டரல் குழாயை, அதாவது செடி வரிசையோரமாக ஓடும் மெல்லிய குழாயை, நறுக்க வேண்டும். இந்தக் குழாயைச் சாய்வாக வெட்டினால் இணைப்பான் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு, மோட்டார் போட்டதும் கழன்று கொள்ளும். எனவே ஒரு மரத்துண்டின் மேல் குழாயை வைத்து, அலகை நேராக நிறுத்தி அழுத்தியபடியே குழாயை உருட்டினால் வெட்டு சதுரமாக விழும். பி.வி.சி. குழாயை ஆக்ஸா பிளேடால் அறுத்த பிறகு அதன் விளிம்பில் பிசிறு நிற்கும். அதைச் சீவி எடுக்காமல் சொல்யூஷன் தடவிச் செருகினால், பிசிறு பசையை வழித்துத் தள்ளிவிட, அந்த மூட்டு பின்னர் ஒழுகும். மோட்டார் பெட்டிக்குள் ஒயரின் மேலுறையை நீக்க வேண்டுமென்றால், மின்சாரத்தை முறையாக நிறுத்திவிட்டு, பென்சில் சீவுவது போல அலகை ஏறக்குறையப் படுக்க வைத்துச் சீவ வேண்டும். சுற்றி வட்டமாக அறுத்தால் செம்புக் கம்பியில் கீறல் விழுந்து, சில மாதங்களில் அந்த இடத்திலேயே முறியும்.

இவற்றோடு தென்னங்கயிறு அறுப்பது, டெஃப்ளான் டேப்பைத் துண்டிப்பது, வீட்டுக்கு வந்த பார்சலைப் பிரிப்பது, மதியம் யாராவது கொடுக்கும் கொய்யாக்காயைக் கீறி மிளகாய்ப்பொடி வைப்பது என்று பட்டியல் நீளும். இதில் எதற்கும் இரண்டரை அங்குலத்துக்கு மேல் தேவைப்படவில்லை. மட்டை கழிக்கவும் முள் வெட்டவும் ஒவ்வொரு தோட்டத்திலும் கொடுவாளும் அரிவாளும் இருக்கின்றன. பையில் இருக்கும் கத்தி அவற்றோடு போட்டி போட வேண்டியதில்லை.

இப்படிச் சிறிய வேலைகளிலிருந்தே வடிவம் பெற்ற கத்தி என்றால் சுவிட்சர்லாந்துக் கத்தியைத்தான் சொல்ல வேண்டும். அந்நாட்டுப் படை 1889ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியைக் கையில் எடுத்தபோது, அதைக் கழற்றிப் பூட்ட ஒரு திருப்புளியும், தகர டப்பாவில் வந்த உணவைத் திறக்க ஒரு கருவியும் வீரனுக்குத் தேவைப்பட்டன. அலகு, டப்பா திறப்பான், திருப்புளி, துளையூசி ஆகிய நான்கையும் மரப்பிடிக்குள் மடக்கி வைத்த மாதிரி 1890இல் உருவானது. உள்நாட்டில் அத்தனை கத்திகளைச் செய்யும் பட்டறை இல்லாததால் முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தது. ஷ்வீஸ் மாநிலத்தின் ஈபாக் என்ற ஊரில் 1884இல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்செனர் அந்த வேலையைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவர முயன்று, 1891இல் படைக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். 1897இல் அவர் பதிவு செய்த அதிகாரிகளுக்கான கத்தி இன்னும் மெலிந்தது, எடையிலும் குறைந்தது. ஒரே ஸ்பிரிங் பட்டையே இரு பக்கத்துக் கருவிகளையும் பிடித்துக்கொள்ளும்படி அமைத்ததுதான் அதில் இருந்த கெட்டிக்காரத்தனம். இன்று நாம் விக்டோரினாக்ஸ் என்று வாங்கும் சிவப்புக் கத்தியின் எலும்புக்கூடு அதுவே. மூடிய நிலையில் 91 மி.மீ. நீளமுள்ள ஸ்பார்ட்டன் என்ற வகை என் பையில் இருக்கிறது. எடை 60 கிராம் அளவுதான். சட்டைப்பையில் போட்டாலும் பை தொங்காது. அதில் உள்ள தக்கைத் திருகியை நான் பாட்டில் திறக்கப் பயன்படுத்தியதே இல்லை. நைலான் கயிற்றில் இறுகிப்போன முடிச்சுக்குள் அதன் முனையை விட்டு நெம்பினால் முடிச்சு இளகிக் கொடுக்கும் என்பதால் அதற்கும் என்னிடம் வேலை இருக்கிறது.

இன்னொரு பக்கம் பிரான்சின் சவாய் மலைநாட்டுக் கத்தி. ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் செய்யத் தொடங்கிய இந்தக் கத்தி 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் வந்தது. ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம். அவ்வளவுதான் அதன் உடம்பு. அலகைப் பூட்டும் திருகு வளையம் 1955இல் சேர்க்கப்பட்டது. 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ. நீளம். மெல்லிய அலகு என்பதால் பழம், காய்கறி நறுக்குவதில் இதற்கு ஈடு சொல்வது கடினம். மாம்பழத் தோலைச் சீவும்போது தோல் கிழியாமல் சுருள் சுருளாக வரும். ஆனால் பீச் மரப்பிடி ஈரத்தை இழுத்து உப்பும் இயல்புடையது. அலகு பிடிக்குள் இறுகிக்கொண்டால் பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் தட்டி அலகை வெளியே எட்டிப்பார்க்க வைக்கும் பழக்கம் சவாய்க்காரர்களுக்கே உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்திலும் மரம் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆகவே இது எனக்கு வீட்டு மேசைக்கும் உணவுக் கூடைக்கும் உரிய கத்தி. சேற்றிலும் வியர்வையிலும் அலையும் பைக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதில்தான் கத்திப் பிரியர்கள் அதிகம் சண்டையிடுகிறார்கள். பூட்டில்லாத கத்தியில் கைப்பிடியின் முதுகோடு ஓடும் ஸ்பிரிங் பட்டை ஒன்று அலகின் அடிக்கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அந்த அழுத்தமே அலகை நிறுத்தி வைக்கிறது. வேறு கொக்கி எதுவும் இல்லை. கூர்வாயால் அறுக்கும்போது கையின் விசை அலகை மேலும் திறக்கும் திசையிலேயே செல்வதால் அது மடங்குவதற்கு வழியே கிடையாது. நுனியால் குத்தும்போதும், துளை போடத் திருகும்போதும், ஆழமாகச் சிக்கிய அலகை வெளியே பிடுங்கும்போதும்தான் விசை திசை மாறி அலகு விரல்களின் மேல் மடங்கும். அதாவது பூட்டில்லாத கத்தியில் விரல் வெட்டுப்படுகிறது என்றால், கத்தி செய்யக்கூடாத ஒரு வேலையைக் கத்தியிடம் கொடுத்திருக்கிறோம் என்றே பெரும்பாலும் பொருள். துளை போடத் துளையூசி இருக்கிறது, நெம்பத் திருப்புளி இருக்கிறது. பூட்டுள்ள கத்தியை நம்பிக் குத்துபவர் ஒருநாள் பூட்டில் மண் அடைத்திருப்பதைக் கவனிக்காமல் குத்துவார். தோட்டத்து மண்ணில் இது நடக்கக்கூடியதே. தச்சர், மீட்புப் பணியாளர் போன்றோருக்குப் பூட்டு அவசியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பார்சல் பிரிப்பவருக்கு அது வேண்டியதில்லை.

பூட்டில்லாத கத்திக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பாதி, அதைத் திறக்கும் விதத்துக்காக. அலகின் பக்கத்தில் உள்ள பள்ளத்தில் நகத்தை வைத்து, இரண்டு கைகளாலும் நிதானமாகத்தான் அதைத் திறக்க முடியும். ஒரு விரல் தட்டலில் சடக்கென்று விரியும் கத்தியை ஒரு டீக்கடையில் திறந்து பாருங்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் டீயை வைத்துவிட்டு எழுந்து விடுவார். நம் திரைப்படங்கள் ராம்பூர் பட்டன் கத்தியைக் காட்டிக் காட்டி அந்த ஒலியையே அச்சத்தின் ஒலியாக்கி விட்டன. சிவப்புப் பிடியை நகத்தால் திறந்து கொய்யாவைக் கீறினால் அதே மனிதர் ஒரு துண்டு கேட்பார். ஒரு கருவியைப் பொது இடத்தில் பயன்படுத்த வேண்டுமானால் சுற்றியிருப்பவர்களின் மனநிலையும் அதன் தகுதிகளில் ஒன்றாகக் கணக்கில் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

இரும்பைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. கார்பன் எஃகு எளிதாகக் கூர் ஏறும். எலுமிச்சையும் மாங்காயும் பட்டால் கறுக்கும், வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு சற்று விரைவாக மழுங்கினாலும் நம் பருவத்துக்கு அதுவே தோது. கடினத்தைக் காட்டும் ராக்வெல் எண்ணைப் பார்த்து வாங்குபவர்கள் உண்டு. சுவிஸ் கத்தியின் அலகு 56ஐ ஒட்டி இருக்கும், விலை உயர்ந்த கத்திகள் 60ஐத் தாண்டும். கடினம் கூடினால் கூர் நீடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் மழுங்கிய பிறகு அதை மீண்டும் கூராக்க வைரத்தூள் பதித்த தகடு தேட வேண்டியிருக்கும். சாதாரணக் கல்லில் சில நிமிடங்களில் திரும்பக் கூராகும் மென்மையான அலகே எனக்குப் பிடிக்கிறது.

அந்தச் சில நிமிடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கத்தி வைத்திருப்பவர்களில் பலரும் அதைக் கூராக வைத்திருப்பதில்லை. தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரர் அரிவாள்மனைக்கும் கொடுவாளுக்கும் ஏற்றவர். தீப்பொறி பறக்கச் சுழலும் அவருடைய கல்லில் மெல்லிய அலகை வைத்தால் நுனி நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அங்கே இனி கூர் நிற்காது. ஆகவே பைக்கத்திக்குக் கைக்கல்தான். ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று இரு நயமுள்ள கல் ஒன்று போதும்; எண் கூடக் கூடக் கல் நைசாகும். கல்லைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியின் மேல் நகராமல் வைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைக் கோணம் என்கிறார்கள். பாகைமானி வைத்து யாரும் தீட்டுவதில்லை என்பதால் அதை உயரமாக மாற்றிக்கொள்வது எளிது. அலகின் அகலம் 12 மி.மீ. என்றால் 20 பாகைக்கு அதன் முதுகு கல்லிலிருந்து சுமார் 4 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும்.

கோணம் சரியா என்ற சந்தேகம் தீர, கூர்வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசிவிட்டு இரண்டு முறை மெதுவாகத் தீட்டிப் பார்க்கலாம். விளிம்பு வரை மை அழிந்திருந்தால் கோணம் சரி; மேலே மட்டும் அழிந்து விளிம்பில் கறுப்பு மிஞ்சியிருந்தால் முதுகை இன்னும் சற்று உயர்த்த வேண்டும். அழுத்தம் வேண்டாம், சீரான அசைவு வேண்டும். அடிப்பகுதியிலிருந்து நுனிவரை இழுக்கும்போது அலகு வளையும் இடத்தில் கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால்தான் நுனியும் கல்லில் படும். பலருடைய கத்தியில் நடுப்பகுதி கூராகவும் நுனி மொண்ணையாகவும் இருப்பதற்கு இதைச் செய்யாததே காரணம். ஒரு பக்கம் போதிய அளவு தேய்ந்ததும் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு சுருண்டு நிற்கும். கட்டைவிரலின் சதையை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, வெளிப்புறமாக மட்டும் தடவினால் அது தட்டுப்படும். அடி முதல் நுனிவரை அந்தப் பிசிறு தட்டுப்படாமல் பக்கத்தை மாற்றவே கூடாது. பிறகு மறுபக்கம், பிறகு 1000 பக்கத்தில் மாற்றி மாற்றி லேசாக. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், கூர்வாய் பின்னால் வரும்படி இழுத்தால் மிச்சமிருக்கும் பிசிறும் உதிர்ந்துவிடும். நாளிதழின் ஓரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து அலகை மேலிருந்து இறக்கினால் காகிதம் மடங்காமல் அறுபட வேண்டும். முன்கை மயிரைச் சிரைத்துக் காட்டும் வித்தை காணொளிக்காரர்களுக்கு ஆகட்டும்.

சுத்தம் செய்வதில் சிரமமே இல்லை. வெந்நீரில் சோப்பு கலந்து, நீருக்குள்ளேயே எல்லாவற்றையும் திறந்து மூடினால் பையின் நூல்பஞ்சும் மண்ணும் வெளியே வந்துவிடும். நன்றாக உலர்த்தி, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். அது நாளடைவில் பிசுபிசுத்து இறுகி, மண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெய் அச்சுக்கு நல்லது, அலகில் வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும்.

கத்தியைக் கைமாற்றும் முறையை என் அம்மிச்சியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், கற்றேன். கத்தியையோ உப்பையோ மிளகாயையோ ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும் என்பார். கீழே வைத்தால்தான் எடுத்துக்கொள்வார். சண்டை வருமோ வராதோ, திறந்த கத்தி கைமாறும்போது விரல் அறுபடும் வாய்ப்பு அந்த வழக்கத்தால் நின்றுபோகிறது. தோட்டத்தில் யாராவது கேட்டால் மடக்கித்தான் கொடுப்பேன், மடக்கித்தான் திரும்பி வாங்குவேன். கூடவே "திருகாதீங்க, நெம்பாதீங்க" என்று ஒரு வாக்கியம். கஞ்சன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ள கத்திகளை ஆயுதமாக வகைப்படுத்துகின்றன. வீட்டுப் பயன்பாடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. சில பகுதிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு விதிக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது. டெல்லியில் 1980ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று பட்டன் கத்தி, ஸ்பிரிங் கத்தி போன்று இயந்திர அமைப்பால் திறக்கும் கத்திகளை 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிவிட்டாலே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. என் பையில் இருப்பது இவை எதிலும் அடங்காது. ஆனாலும் நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம், திரையரங்கு, வணிக வளாகம் என்று சோதனை உள்ள இடங்களில் வாயிற்காவலரிடம் சட்டம் பேசி நிற்பதில் பொருளில்லை. அத்தகைய இடத்துக்குப் போகிற நாளில் கத்தியை வண்டியின் பெட்டியில் வைத்துவிடுகிறேன். தற்காப்புக்காக வைத்திருப்பதாக மட்டும் யாரிடமும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். தற்காப்பு என்ற சொல் வந்த நொடியில் கொய்யா கீறும் கருவி ஆயுதமாகிவிடுகிறது. அன்றியும் நகத்தால் திறக்கும் கத்தி யாரையும் காப்பாற்றாது.

விமானத்தில் கைப்பையில் கத்திக்கு அனுமதி இல்லை, செக்-இன் பெட்டியில் வைக்கலாம். வெளிநாடு என்றால் அங்குள்ள விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். லண்டனில் இருக்கும் என் தங்கை மாப்பிள்ளை, சமையலிலும் மலையேற்றத்திலும் ஈடுபாடு உள்ளவர், ஒரு நல்ல மடக்குக்கத்தி வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒப்பினெல் 8ஆம் எண்ணைத்தான் முதலில் நினைத்தேன். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டப்படி, தக்க காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடியது 3 அங்குலத்துக்கு மிகாத கூர்வாயுள்ள மடக்குக்கத்தி மட்டுமே; திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் கத்தி அந்தச் சலுகைக்குள் வராது என்று அங்குள்ள நீதிமன்றம் 1990களிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 8.5 செ.மீ. அலகும் திருகு வளையமும் உள்ள கத்தி இரண்டு கணக்கிலும் தேறவில்லை. ஊருக்கு வந்து திரும்பிய தங்கையின் செக்-இன் பெட்டியில் என்னிடம் இருப்பதைப் போலவே ஒரு ஸ்பார்ட்டனை வாங்கி வைத்து அனுப்பினேன். தீட்டுகல் அங்கேயே கிடைக்கும் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.